எக்ஸுக்கு அப்பா பேர் என்ன?

“எக்ஸுக்கு அப்பா பேரு இன்னா டீச்சர்?”

கையில் மை காயாத புரூஃபுடன் தெய்வசிகாமணி என் இன்ஸ்டிட்யூட் வாசலில் நின்று கேட்ட கேள்வி இது. உள்ளே காலை பேட்ச். அத்தனை டைப்ரைட்டரும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தால்கூட யாரோ வரி மாற்றுகிறார்கள் என்றுதான் நினைப்போம். அவர் திரும்பத் திரும்பக் கத்திய பிறகுதான் என் காதில் விழுந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் நான் தட்டச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று இந்தத் தொடரில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். எனக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊரில் அதை யாரும் உபயோகித்ததில்லை. நான் ‘டைப் டீச்சர்’. கீழே தெய்வசிகாமணியின் அச்சகம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவர் கை மை பட்டுத்தான் வெளியே போகும்.

புரூஃபை வாங்கிப் பார்த்தேன். ‘மாபெரும் வரவேற்பு விழா. சிறப்பு விருந்தினர்: அமெரிக்கப் பேராசிரியர் திரு. எக்ஸ். வெர்னன் அவர்கள்.’

“அவரு பேரு வெர்னன் எக்ஸ். எக்ஸ் பின்னாடி வரணும்” என்றேன்.

“பின்னாடி வர்றதுக்கு அது இன்னா ரயிலு கார்டு பொட்டியா? இனிஷியல் முன்னாடி தான் டீச்சர் வரும். அமெரிக்காக்காரன் தப்பா எழுதிகினு இருந்தா நாமளும் தப்பா அச்சடிக்கணுமா?”

“அது இனிஷியலே இல்லைன்னு நினைக்கிறேன்.”

“ஒத்தை எழுத்து, பக்கத்துல புள்ளி. இனிஷியல் இல்லாம வேற இன்னா? நற்பணி மன்றத் தலைவரு எல்லாத்தையும் தமிழ்ல போடச் சொல்லிட்டாரு. அப்பா பேரச் சொல்லுங்க, மொத எழுத்த எடுத்துப் போட்டுக்கறேன். ஜல்தி.”

புள்ளி இவரே வைத்தது. எனக்குத் தெரியாது, அவரையே கேளுங்கள் என்றேன். “அவரு பேசற இங்கிலீசு எனக்குப் பேஜாரா கீது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மாலை போட்ட கதை

வெர்னன் எக்ஸ் எப்படி ஆரணிக்கு வந்தார் என்பதே ஒரு கூத்து.

அமெரிக்காவின் தெற்கில் ஏதோ ஒரு சின்னக் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர். நம் பக்கத்துத் துணி ஒன்றைத் தேடி மெட்ராஸில் வந்து இறங்கினார். அங்கே யாரோ ஒரு புண்ணியவான், “நெசவா? ஆரணிக்குப் போங்க” என்று சொல்லி வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கையோடு எங்கள் நற்பணி மன்றத் தலைவர் ஏகாம்பரத்துக்கு ஒரு ட்ரங்க் காலும் போட்டுவிட்டார். ஏகாம்பரம் பெரிய பட்டு வியாபாரி. ஊருக்கு யார் வந்தாலும் மாலை போட்டுவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்பார்.

பஸ் ஸ்டாண்டில் ரோஜா மாலை, பன்னீர்ச் செம்பு, நாகஸ்வரம் எல்லாம் தயார். மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வேலூர் பஸ் வந்தது. படியிலிருந்து சிவந்த நிறத்தில், பூனைக்கண்ணோடு ஒருவர் இறங்கினார். ஏகாம்பரம் பாய்ந்துபோய் மாலையைப் போட்டார். நாகஸ்வரம் பிடித்துக்கொண்டது.

அவர் ஸ்க்ரூவும் தாழ்ப்பாளும் விற்க வந்த வடநாட்டு ஏஜெண்ட். ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. ஆரணியில் எல்லா ஏஜெண்டுகளுக்கும் இதுதான் மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும். மாலையோடு சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவருக்குப் பின்னால் உயரமாக, நல்ல கறுப்பாக ஒருவர் தோள்பையோடு இறங்கி, எல்லோரும் கை தட்டுவதைப் பார்த்துத் தானும் சந்தோஷமாகக் கை தட்டினார். ஏகாம்பரம் அவரிடம், “கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, வெளிநாட்டுக்காரரு வர்றாரு” என்றார். அந்த மனிதர் பணிவாகத் தள்ளி நின்றார். அவர்தான் வெர்னன்.

விஷயம் புரிந்த பிறகு ஏகாம்பரம் என் காதருகே வந்து, “அமெரிக்காலயும் நம்ம கலர்ல ஆளு இருக்குதா?” என்றார். குரலில் ஒரு ஏமாற்றம். பூவுக்கு ஆன செலவை நினைத்தாரோ என்னவோ.

பட்டுக்கு விடுதலை

ஏகாம்பரத்தின் கடைக்குப் போனோம். வெள்ளை விரிப்பில் கல்யாணப் புடவைகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டார்கள். வெர்னன் எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தார். சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்டது. தொட்டால் கிழிந்துவிடும் போல் இருந்தது. அவர் குடும்பத்துப் பெண்கள் வழிவழியாகத் தலையில் கட்டிக்கொண்டதாம்.

அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் நம் கடற்கரையிலிருந்து இந்த மாதிரிக் கட்டம் போட்ட துணியை வாங்கி ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே துணியைக் கொடுத்துவிட்டு ஆட்களை வாங்குவார்கள். அந்த ஆட்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பருத்திக் காட்டிலும் கரும்புக் காட்டிலும் விடுவார்கள். அவருடைய முன்னோர்கள் அப்படிப் போனவர்கள். எந்தத் துணிக்குத் தன் ஆட்கள் விலைபோனார்களோ, அந்தத் துணி எங்கே நெய்யப்பட்டது என்று பார்க்க வந்திருக்கிறார்.

 ஏகாம்பரம் அந்தத் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நிமிண்டினார். நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பெரிதாக மூச்சு விட்டார்.

“சொல்லிடுங்க டீச்சர். இது காட்டன். நாங்க பட்டு. எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

கோர்ட்டில் விடுதலை ஆன மாதிரி ஒரு முகம். உடனே எல்லோருக்கும் கோலி சோடா வந்தது.

வெர்னன் சிரித்தார். தவறான ஊருக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தும் அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனக்கு விழா என்று சொல்லிவிட்டார்களே, எப்படிப் போவது? பஸ் ஸ்டாண்ட் லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, மத்தியான வேளைகளில் குறிப்பு அடிக்க என் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

ஓர் எழுத்து படுத்தும் பாடு

இங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன்.

தமிழ்நாட்டில் இனிஷியல் என்பது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஊரை மாற்றிக்கொள்ளலாம். இனிஷியல் இல்லாமல் ஒரு மனிதன் ரேஷன் கடை வரிசையில்கூட நிற்க முடியாது. ஆண்களுக்காவது பிறந்ததிலிருந்து கடைசிவரை ஒரே எழுத்து. பெண்களுக்குக் கல்யாணம் ஆன மறுநாள் எழுத்து மாறிவிடும். என்னிடம் ஜூனியர் பரீட்சைக்கு ஒரு இனிஷியலோடு பணம் கட்டிய பெண், சீனியருக்கு வேறு இனிஷியலோடு வந்து நிற்பாள். சர்ட்டிபிகேட்டில் இருப்பது நான்தான் என்று நிரூபிக்க அவள் படும் பாட்டை எழுதினால் அதற்கே தனித் தொடர் வேண்டும்.

இனிஷியல் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழாயடிச் சண்டையில் கடைசியாக வந்து விழும் வசவு அதுதான்.

எங்கள் தொழிலில் எக்ஸுக்கு வேறு வேலை. இடது கை மோதிர விரலால் கீழ் வரிசையில் அடிக்க வேண்டிய எழுத்து. ஆங்கிலத்தில் அதற்கு உபயோகமே குறைவு. பிள்ளைகள் அதை எதற்கு அடிப்பார்கள் என்றால், தப்பாக அடித்த வார்த்தையை மறைப்பதற்கு. ஒரு வார்த்தை தப்பினால் அதன்மேலேயே வரிசையாக எக்ஸ் எக்ஸ் எக்ஸ். பரீட்சையில் மார்க் போய்விடும் என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். யார் கேட்டார்கள்?

சே! வருணன்

தெய்வசிகாமணி புரூஃபோடு வந்து போன மறுநாள் காலை ஊர்ச் சுவரெல்லாம் நோட்டீஸ். பஸ் ஸ்டாண்ட், கோட்டை மைதானம், சேவூர் போகிற டவுன் பஸ்ஸின் முதுகு, ஒன்றையும் விடவில்லை.

‘அமெரிக்கப் பேராசிரியர் திரு. சே. வருணன் அவர்கள்.’

தெய்வசிகாமணி யோசித்திருக்கிறார். எக்ஸில் ஆரம்பிக்கும் பெயர் உலகத்தில் ஒன்றுதான், சேவியர். ஆகவே ‘சே’. அதோடு நிற்காமல், வெர்னன் என்று கோத்துப் பார்த்தால் நன்றாக இல்லை என்று வருணன் ஆக்கிவிட்டார். அந்த வருஷம் மழை வேறு இல்லை. படிப்பவர்களுக்கெல்லாம் யாரோ வருண பகவானைச் ‘சே!’ என்று திட்டியிருக்கிற மாதிரிதான் தெரிந்தது.

ஒரு நோட்டீஸை எடுத்துப்போய் வெர்னனிடம் காட்டினேன். மழைக்கடவுள் பெயர் என்று சொன்னதும் அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “முன்னால் இருக்கிற எழுத்து?” என்று கேட்டார். அப்பா பெயர் சேவியர் என்று இவர்களே வைத்துவிட்டதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மத்தியானம். மெஷின்கள் எல்லாம் உறை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒன்றின் உறையைக் கழற்றி, காகிதம் செருகி, தன் பெயரை அடித்தார். பக்கத்தில் இன்னொரு பெயரை அடித்தார். பிறகு மோதிர விரலால் அந்த இரண்டாவது பெயரின்மேல் எக்ஸ் எக்ஸாக அடித்து மூடினார்.

“என் அப்பா பெயர் ஓடிஸ். அதில் சந்தேகம் எதுவும் இல்லை. நான் அடித்துவிட்டது குடும்பப் பெயரை” என்றார்.

அது அவர்கள் பெயரே இல்லை. அவருடைய கொள்ளுத்தாத்தாவை விலைக்கு வாங்கிய பருத்திப் பண்ணைக்காரனின் பெயர். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி வாங்கிய ஆட்களுக்கெல்லாம் தன் பெயரைப் போட்டுவிட்டான். அடிமை முறை ஒழிந்த பிறகும் பெயர் ஒழியவில்லை.

“எங்கள் ஊரில் பாங்க் அந்தப் பெயர். மில் அந்தப் பெயர். மில் இருக்கிற தெரு அந்தப் பெயர். என் பெயரும் அந்தப் பெயர். கல்லறைத் தோட்டம் மட்டும் வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று, நடுவில் சுவர்” என்றார்.

பிறகு ஒன்று சொன்னார். அவர் படித்த காலத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கிழித்த பழைய புத்தகங்கள்தான் அங்கே வரும். ஒரு வருஷம் அவர் கைக்கு வந்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவருடைய குடும்பப் பெயரே எழுதியிருந்தது. பண்ணைக்காரனின் பேரனோ கொள்ளுப்பேரனோ எழுதியது. “எனக்காகவே எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பதா, வேண்டாமா என்று தெரியவில்லை. அவரே சிரித்ததால் நானும் கொஞ்சம் சிரித்தேன். 

“அதற்கு முன்னால் எங்களுக்கு என்ன பெயர் என்று தெரியாது. அது இருந்த இடம்தான் இந்த எக்ஸ். தெரியாது என்று சொல்வதுதான் நியாயம். அந்த இடத்தில் இன்னொருத்தர் பெயரை எழுத விடமாட்டேன். மேடையில் சேவியர் என்று சொன்னால் நான் இறங்கிப் போய்விடுவேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நேராக ஏகாம்பரத்திடம் போனேன். பொறுமையாகக் கேட்டார்.

“இன்னா டீச்சர் சொல்றீங்க? பரம்பரைப் பேரு தெரியாதுன்னு மேடையில வெச்சிச் சொல்றதா? நம்ம ஊர்ல அது கெட்ட வார்த்தைங்க. விருந்தாளியக் கூப்ட்டு ஒக்கார வெச்சி அந்த அசிங்கத்தப் பண்ணுவனா நானு? சேவியருன்னே இருக்கட்டும். கௌரவமான பேரு.”

“அவரு வேணாம்ங்கறாரு.”

“கூச்சப்படறாரு. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்.”

அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். நல்ல எண்ணத்தில் செய்கிறவர்களை என்ன செய்வது? 

இத்தாலிக் கணக்கு

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சேவியர் ஒருவர்தான். கோட்டைப் பக்கம் பேக்கரி வைத்திருந்தவர். யுத்தத்தின்போது பட்டாளத்தில் சமையல்காரராக இத்தாலி வரைக்கும் போய்வந்தவர். ஆரணிக்கு பன்னும் ரஸ்க்கும் ஒழுங்காகக் கிடைத்தது அவரால்தான். குழந்தைகள் இல்லை. அவரும் மனைவி ஞானம்மாவும் மட்டும்.

‘சே’ என்றால் சேவியர் என்று தெய்வசிகாமணி ஊரெல்லாம் சொல்லிவிட்டதில், நோட்டீஸ் ஒட்டிய அன்று சாயங்காலமே டீக்கடைகளில் கணக்குப் போட்டுவிட்டார்கள். “அமெரிக்காக்காரனுக்கு வயசு இன்னா? முப்பத்தஞ்சா? சேவியரு பட்டாளத்துல இருந்தது எப்போ? சரியா வருது பாரு!” இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டாராம். பட்டாளத்துக்காரனுக்கு சமுத்திரம் ஒரு தடையா என்று வாயை அடைத்துவிட்டார்களாம்.

சேவியர் முதலில் சிரித்தார். அப்புறம் சண்டை போட்டார். அப்புறம் கடையின் முன்பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டு அடுப்பு அறையிலேயே கிடந்தார்.

ஞானம்மா நேராக என் மாடிக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

“டீச்சர், அந்தப் புள்ளைக்கு வயசு இன்னா இருக்கும்?”

“அக்கா, அவருக்கு அப்பா வேற. பேரு ஓடிஸ். இவங்க தப்பா அச்சடிச்சிட்டாங்க” என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “எங்க ஊட்டுக்காரரு அப்பிடிப்பட்ட ஆளு இல்லன்னு எனக்குத் தெரியாதா? ஆனா, அப்பிடியே இருந்தாத்தான் இன்னா? கல்யாணத்துக்கு மின்ன நடந்ததுக்கு நான் கோவப்பட முடியுமா?”

“அக்கா, நான் இப்பத்தானே சொன்னேன்...”

“புள்ள மீனு சாப்புடுமா?”

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் லாட்ஜுக்கு எவர்சில்வர் கேரியர் போனது. விரால் குழம்பு, வறுவல், முட்டை, கடைசித் தட்டில் பேக்கரி கேக். வெர்னனிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் முள்ளை எடுத்துக்கொண்டே யோசித்தார். “இந்த ஊரில் ஒரு காலி இடத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார்களா?” என்றார். அப்புறம், “அந்த அம்மாவிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?” என்று கேட்டுவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

“எதுக்கும்மா அடிமை?”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. சரித்திரம் கேட்க வந்த கூட்டம் இல்லை. அப்பனும் பிள்ளையும் சந்திப்பதைப் பார்க்க வந்த கூட்டம். களம்பூர் ரைஸ் மில்லிலிருந்துகூட ஒரு லாரியில் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் சேவியரும் ஞானம்மாவும். வராவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று வந்தாராம் சேவியர். ஞானம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். பக்கத்தில் கேரியர்.

ஏகாம்பரம் மைக்கைப் பிடித்தார். “அமெரிக்க மண்ணிலிருந்து நம் ஆரணி மண்ணுக்கு வந்திருக்கும், உயர்திரு சேவியர் அவர்களின் தவப்புதல்வர்...”

மண்டபம் மொத்தமும் சேவியர் பக்கம் திரும்பியது. விசில் பறந்தது. மேடையில் வெர்னன் எழுந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் படியை நோக்கி நடந்தார்.

எனக்கு மேடை என்றால் கால் நடுங்கும். கோபம் வந்துவிட்டால் நடுக்கம் வராது. ஏகாம்பரத்தின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். “போகாதீர்கள். நீங்களே சொல்லுங்கள். நான் ஒரு வார்த்தை மாற்றாமல் தமிழில் சொல்கிறேன்” என்று இங்கிலீஷில் கத்தினேன். அவர் படியில் நின்று என்னைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

முதல் வாக்கியத்தைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். “இவருடைய கொள்ளுத்தாத்தா ஓர் அடிமை.”

முன்வரிசையில் ஒரு சேவூர் நெசவாளிப் பெரியவர், நிஜமான அக்கறையோடு, “எதுக்கும்மா அடிமை? குடிக்கா?” என்றார்.

கூட்டம் பரிதாபமாக ‘உச்’ கொட்டியது. “சீட்டாட்டமா இருக்கும்” என்றார் இன்னொருவர்.

நம் மொழியில் அந்த வார்த்தை அப்படி ஆகிவிட்டது. காபிக்கு அடிமை, சினிமாவுக்கு அடிமை, சாமிக்குக்கூட அடிமை. மனிதனுக்கு மனிதன் என்று சொன்னால் யாருக்கும் உறைக்கவில்லை.

“எதுக்கும் இல்லைங்க. ஆளுக்கு. விலை குடுத்து வாங்கின ஆளுங்க” என்றேன்.

“மாடு மாதிரியா?”

“மாடு மாதிரி.”

“பொண்டாட்டி புள்ளைங்க?”

“அவங்களையும். வேற வேற ஆளுக்கு வித்தாங்க.”

பெரியவர் மேல்துண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.  வெர்னன் மெதுவாகச் சொன்னார். விடுதலை வந்த பிறகு ஜனங்கள் ஊர் ஊராக நடந்து, கோயில் கோயிலாகக் கேட்டார்களாம்: என் பெண்டாட்டியைப் பார்த்தீர்களா, என் பிள்ளையைப் பார்த்தீர்களா? எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது? வாங்கியவன் பெயரை மாற்றியிருப்பான். அவருடைய கொள்ளுத்தாத்தா தன் தங்கையைச் சாகும்வரை தேடினார். கிடைக்கவில்லை. அந்தத் தங்கையின் பேரப்பிள்ளைகள் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் தனக்குத் தெரியாது என்றார். “அதனால்தான் எக்ஸ். தயவு செய்து அதை அப்படியே விடுங்கள்” என்று முடித்தார்.



பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “அப்போ சேவியரு அப்பா இல்லியா?”

மண்டபம் குபீரென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவே காத்திருந்த மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சேவியர் மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

மைக்கைத் தட்டிப் பார்த்தார். பட்டாளத்துக்காரர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

“மொதல்ல ஒண்ணு சொல்லிக்கறேன். இந்தத் தம்பி எனக்குப் புள்ள இல்ல. இத்தாலில நான் ரொட்டி தான் சுட்டேன்.”

மறுபடியும் சிரிப்பு. அவர் அது அடங்கும்வரை நின்றார்.

“நான் ஆ. சேவியர். ஆ-ன்னா ஆரோக்கியம், எங்க அப்பா. அவருக்கு அப்பா ஞானப்பிரகாசம். அது சாமியாரு தண்ணி ஊத்தி வெச்ச பேரு. அதுக்கு மின்ன எங்க தாத்தா பெரணமல்லூர் பக்கம் ஒரு ஆண்டை வூட்டுல படியாளு. மாடு மேய்க்கறது, ஏரு ஓட்டறது, சாணி வார்றது. ஊர்த்தெருவுல நின்னு பேசக் கூடாது. நல்ல பேரு வெச்சிகினா ஆண்டைக்குக் கோவம் வரும். அங்க அவர மண்ணாங்கட்டின்னு தான் கூப்புடுவாங்க. அவரப் பெத்தவ அப்பிடியா கூப்ட்டிருப்பா? ஆசையா ஒரு பேரு வெச்சிருப்பா இல்ல? அது இன்னான்னு எங்க அப்பாவுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.”

யாரும் சிரிக்கவில்லை. நிலபுலன்காரர்கள் இரண்டொருவர் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

“அதனால இந்தத் தம்பிக்கு எக்ஸுன்னா, எனக்கும் எக்ஸு தான். நோட்டீஸ் போட்டவங்க ஒண்ணு யோசிக்கல. அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே இனிஷியல் வராது. ஒரே இனிஷியலுன்னா அண்ணன் தம்பிங்க.”

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

வெர்னன் என்னைப் பார்த்தார். தமிழ்நாட்டு இனிஷியல் சாஸ்திரம் முழுவதையும் ஒரு வாக்கியத்தில் எப்படிச் சொல்வது? “அவருக்கும் எக்ஸ்தானாம். இந்த ஊரில் எழுத்து ஒன்றாக இருந்தால் அண்ணன் தம்பி” என்றேன்.

 வெர்னன் போய் சேவியர் பக்கத்தில் நின்றார். ஏகாம்பரத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படி நேரங்களில் அவர் எப்போதும் செய்வதைச் செய்தார், நன்றியுரை சொல்லிவிட்டார்.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. ஞானம்மா கேரியரோடு என்னிடம் வந்தார். பிள்ளைக்கு என்று அத்தனை நாள் சமைத்தவர், மைக்கில் சொன்ன ஒரு வார்த்தையில் அண்ணி ஆகிவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“டீச்சர், எக்ஸுன்னா தெரியாதுன்னு தானே அர்த்தம்?”

“ஆமாக்கா.”

“தெரியாதுன்னா, இல்லன்னு ஆயிடாது இல்ல?”

“ஆயிடாதுக்கா” என்றேன்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“வாப்பா, மீனு ஆறிப்போவுது!”

சேவியர்தான் திரும்பினார். “உன்ன இல்ல” என்றார் ஞானம்மா.